வழி சொல்ல ஒருவர் போதாது

2016 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை 7 மணி கடந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன. ட்விட்டர் திறக்கவில்லை, ஸ்பாட்டிஃபை பாடவில்லை. ரெட்டிட், கிட்ஹப், நெட்ஃபிளிக்ஸ், பேபால், நியூயார்க் டைம்ஸ் என ஒன்றன்பின் ஒன்றாகத் தளங்கள் காணாமல் போயின. இரண்டு மணி நேரத்தில் நிலைமை சீரானது. நண்பகலை ஒட்டி மறுபடியும் குலைந்தது. இம்முறை பாதிப்பு அமெரிக்காவுக்கு வெளியேயும் பரவியது. அன்று இந்த நிறுவனங்களின் சர்வர்கள் பழுதாகவில்லை, தரவு அழியவில்லை, கேபிள் அறுபடவில்லை. அவற்றின் முகவரியைக் கேட்டு வருவோருக்குப் பதில் சொல்ல வேண்டியது, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரத்தில் இயங்கிய டைன் என்ற நிறுவனம். அதுதான் கேள்விகளின் வெள்ளத்தில் மூழ்கித் திணறியது. வீடு இருந்தது, விளக்கு எரிந்தது, கதவும் திறந்திருந்தது. வழி சொல்பவரின் குரல் மட்டும் யாருக்கும் எட்டவில்லை. அந்த நாளைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் தாக்கியவர்களின் பலத்தையே எழுதினார்கள். பலம் பெரியதுதான். ஆனால், அதே போன்ற தாக்குதல்களை இணையத்தின் வேறொரு பகுதி பலமுறை தாங்கி நின்றிருக்கிறது, பயனாளர்களுக்குத் தெரியாமலே. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, அடி எவ்வளவு பெரியது என்பதோடு முடிவதில்லை. அடி விழுந்த இடத்தில் ஏன் ஒரே ஒருவர் நின்றுகொண்டிருந்தார் என்பதையும் கேட்க வேண்டும்.

டிஎன்எஸ் என்பது இணையத்தின் பெயர்ப் பதிவேடு. நாம் எழுத்தில் தட்டும் பெயரைக் கம்ப்யூட்டர்கள் புரிந்துகொள்ளும் எண் முகவரியாக மாற்றித் தருவது அதன் வேலை. இது பிறந்த கதையே நம் விவாதத்துக்கு விடை வைத்திருக்கிறது. 1983-க்கு முன்பு, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த எல்லா இயந்திரங்களின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் தகவல் மையம் அதைப் பராமரித்தது; மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். இயந்திரங்கள் பெருகியபோது ஒரே மையத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வடிவமைத்த டிஎன்எஸ் அந்த ஒற்றைக் கோப்பை உடைத்துப் பலர் கையில் கொடுத்தது. ஒவ்வொரு பெயரின் சொந்தக்காரரும் தன் பகுதியைத் தானே பார்த்துக்கொள்ளலாம். ஒரு பெயருக்குப் பதில் சொல்லப் பல சர்வர்களை நியமிக்கலாம். கிடைத்த பதிலை வழியில் உள்ளவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து கேட்பவருக்கு அவர்களே சொல்லலாம். பல கைகள், பல நினைவுகள். இந்த இரண்டின் மேல்தான் அது நிற்கிறது. 2016-இல் விழுந்த தளங்கள் இந்த இரண்டையும் விட்டுக்கொடுத்திருந்தன.

அன்று நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தாக்குதலுக்குப் பயன்பட்டது மிராய் என்ற தீநிரல். வீட்டு வாசலில் மாட்டும் கண்காணிப்பு கேமரா, அதன் காட்சிகளைப் பதிவுசெய்யும் பெட்டி, வீட்டு ரவுட்டர் போன்ற கருவிகளைத் தேடிப்பிடித்து, தொழிற்சாலையிலேயே போட்டுத் தந்த பாஸ்வேர்டுகளைக் கொண்டு உள்ளே நுழைவது அதன் வழி. அதற்கு அது வைத்திருந்தது அறுபது சொச்சம் பயனர்பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகள் கொண்ட ஒரு சிறிய பட்டியல்தான். அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் அதன் மூலநிரலை எழுதியவரே பொதுவெளியில் போட்டுவிட்டார். மூன்று வாரங்களில் டைன் தாக்கப்பட்டது. கைப்பற்றப்பட்ட கருவிகள் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று டைன் பின்னர் மதிப்பிட்டது. டைன் வெளியிட்ட விளக்கத்தில் இதைவிட முக்கியமான ஒரு தகவல் இருக்கிறது. பதில் கிடைக்காத ரிசால்வர்கள், அதாவது நம் இணைய சேவை நிறுவனங்கள் நமக்காக முகவரி கேட்டுவரும் சர்வர்கள், திரும்பத் திரும்பக் கேட்டன. நேர்மையான இந்த மறுகேள்விகளால் மட்டுமே வழக்கத்தைவிட 10 முதல் 20 மடங்கு சுமை கூடியது. எது தாக்குதல், எது தவிப்பில் கேட்கும் கேள்வி என்று பிரித்தறிவதே கடினமாயிற்று. ஒரே கடையில் மட்டும் மருந்து கிடைக்கும் ஊரில் அந்தக் கடை அரை மணி நேரம் அடைத்தால் வரிசை எப்படி நீளுமோ, அப்படித்தான் இதுவும். வாங்க வந்தவர்களின் நெரிசலே கடையைத் திறக்கவிடாமல் செய்துவிடும்.

தாக்கியவர்களின் இலக்கு எது என்பது நான்கு ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. 2020 டிசம்பரில், சம்பவத்தின்போது 18 வயது நிரம்பாதிருந்த ஒருவர் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சோனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டு வலையமைப்பை முடக்குவதுதான் நோக்கம் என்று அந்நாட்டு நீதித்துறை தெரிவித்தது. விளையாட்டுத் தளம் ஒன்றின் மீது எறிந்த கல், பணம் அனுப்பக் காத்திருந்தவரையும், செய்தி படிக்க வந்தவரையும், சதர்ன் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் தளத்தைத் தேடியவரையும் தாக்கியது. இவர்களுக்கும் சோனிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, எல்லோருடைய முகவரிகளும் ஒரே கையில் இருந்தன என்பதைத் தவிர. இதை நான் மிகவும் கவலைக்குரிய விஷயமாகப் பார்க்கிறேன். ஒரு நிறுவனம் தனக்குப் பகைவர்கள் யாரும் இல்லை என்று நம்பலாம். அந்த நம்பிக்கை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், தன் டிஎன்எஸ் சேவையாளரின் மற்ற வாடிக்கையாளர்கள் யார், அவர்களுக்கு யார் பகை என்பது அதற்குத் தெரிய வழியே இல்லை. தெரியாதவரின் பகையைத் தானும் சுமக்கிறது.

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். டைன் தாக்கப்படுவதற்குச் சரியாக 14 ஆண்டுகள் முன்பு, 2002 அக்டோபர் 21 அன்று, டிஎன்எஸ்ஸின் உச்சியில் இருக்கும் ரூட் சர்வர்கள் 13-உம் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டன. சுமார் ஒரு மணி நேரம் நீடித்த அந்தத் தாக்குதலில் 9 சர்வர்கள் பாதிக்கப்பட்டன. ரூட் விழுந்தால் கோட்பாட்டளவில் எந்தப் பெயருக்கும் முகவரி கிடைக்காது. ஆனால், அன்று உலகில் இணையத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு எதுவுமே தெரியவில்லை. 2007 பிப்ரவரி 6-ஆம் தேதி மறுபடியும் தாக்கினார்கள். அதற்குள் பல ரூட் சர்வர்கள் எனிகாஸ்ட் என்ற முறைக்கு மாறியிருந்தன: ஒரே முகவரியில் உலகின் பல ஊர்களில் பிரதிகள் இயங்கும், கேள்வி அருகில் உள்ள பிரதிக்குப் போகும், தாக்குதலும் அப்படியே பிரிந்து சிதறும். அன்று கடுமையாக அடிவாங்கியவை இரண்டு ரூட்டுகள். அந்த இரண்டுமே அப்போது எனிகாஸ்ட் முறைக்கு மாறாதவை. ஒரே நாளில், ஒரே எதிரியிடம், பரவி நின்றவை தாங்கின, ஓரிடத்தில் நின்றவை தடுமாறின. இதைவிடத் தெளிவான பரிசோதனையை யாரும் திட்டமிட்டுக்கூடச் செய்திருக்க முடியாது. 2015 நவம்பர் 30-லும் மறுநாளும் சில ரூட்டுகளுக்கு நொடிக்கு ஏறத்தாழ 50 லட்சம் கேள்விகள் வீதம் வந்து குவிந்தன. அப்போதும் பயனாளர்கள் நிம்மதியாகவே இருந்தார்கள். இன்று 13 ரூட்டுகளுக்கும் சேர்த்து உலகெங்கும் 1,500-க்கும் மேற்பட்ட பிரதிகள் இருக்கின்றன. அவற்றில் 'எஃப்' என்ற ரூட்டின் பிரதி ஒன்று சென்னையிலும் இயங்குகிறது.

எனிகாஸ்ட் மட்டும்தான் காரணம் என்றால் டைன் விழுந்திருக்கக் கூடாது. டைனிடமும் எனிகாஸ்ட் இருந்தது. ரூட்டுகளைக் காப்பாற்றியவை அதற்கு மேல் இரண்டு. ஒன்று, அவற்றை நடத்துபவர்கள் 12 தனித்தனி அமைப்புகள். பல்கலைக்கழகம், ராணுவம், லாப நோக்கற்ற நிறுவனம், வணிக நிறுவனம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை. கருவிகள் வேறு, மென்பொருள் வேறு, வேலை செய்பவர்களின் பழக்கங்களும் வேறு. ஒருவர் செய்யும் பிழை இன்னொருவரைத் தொடாது. மற்றொன்று, நினைவு. ஒவ்வொரு டிஎன்எஸ் பதிலோடும் அது எத்தனை நொடிகள் செல்லும் என்ற ஆயுட்காலம் ஒட்டப்பட்டிருக்கும், டிடிஎல் என்பார்கள். '.காம்' எங்கே இருக்கிறது என்று ரூட் சொல்லும் பதிலின் ஆயுள் இரண்டு நாள். ஆகவே ஒரு மணி நேரம் ரூட் வாய் மூடினாலும் ரிசால்வர்கள் தங்களிடம் இருக்கும் பதிலைக் கொண்டே வேலையை ஓட்டிவிடும். பெரிய வணிகத் தளங்களோ தம் பதில்களுக்குச் சில நிமிட ஆயுளையே கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்த நிமிடங்கள் கடந்ததும் உலகமே அந்த முகவரியை மறந்துவிடும். மறுபடி கேட்டாக வேண்டும். கேட்கப்போன இடத்தில் ஆள் இல்லை. நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. தாக்குதலில் பாதிக் கேள்விகள் தொலைந்தாலும் நினைவும் மறுகேள்வியும் சேர்ந்து கிட்டத்தட்ட எல்லோரையும் காப்பாற்றிவிடுகின்றன; 90 சதவீதம் தொலைந்தால்கூட, பதில்கள் போதிய காலம் நினைவில் நிற்குமானால், பாதிப் பேர் வரை தப்பித்துக்கொள்கிறார்கள். பதில் வரத் தாமதமாகும், ஆனால் வரும். சில தாக்குதல்கள் தலைப்புச் செய்தியாவதும் சில யாருக்கும் தெரியாமல் போவதும் ஏன் என்பதற்கு இந்த நினைவில்தான் விளக்கம் இருக்கிறது என்பது அவர்கள் முடிவு.

இவையெல்லாம் 2016-க்குப் பிறகு கண்டுபிடித்த ஞானம் என்று யாரும் சொல்ல முடியாது. இணையத் தரங்களை வகுக்கும் குழு 1997 ஜூலையிலேயே ஆர்எஃப்சி 2182 என்ற ஆவணத்தில், ஒரு பெயருக்குப் பதில் சொல்லும் சர்வர்களை வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வலையமைப்புகளில் வைக்க வேண்டும் என்று எழுதிவிட்டது. 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதன் விலையைக் கொடுத்தது. அதன் டிஎன்எஸ் சர்வர்கள் நான்கும் வலையமைப்பின் ஒரே பகுதியில் இருந்தன. ஒரு ரவுட்டரில் செய்த தவறான மாற்றம் நான்கையும் ஒருசேர மறைத்துவிட்டது. அந்தப் பலவீனத்தை உலகம் பார்த்த உடனேயே, அதே இடத்தைக் குறிவைத்துச் சேவை முடக்கத் தாக்குதலும் வந்தது. 2009 டிசம்பர் 23, கிறிஸ்துமஸ் வாங்கல்கள் உச்சத்தில் இருந்த மாலை, அல்ட்ராடிஎன்எஸ் என்ற சேவை தாக்கப்பட்டு, கலிஃபோர்னியாவில் அமேசான், வால்மார்ட் தளங்கள் சுமார் ஒரு மணி நேரம் எட்டாமல் போயின. இப்படி ஒவ்வொரு முறையும் சூடுபட்டவர் கையை எடுத்துக்கொள்கிறார். பக்கத்தில் நிற்பவர் தன் கையை நெருப்பிலேயே வைத்திருக்கிறார். இது வெறும் எண்ணம் அல்ல. ஹார்வர்டைச் சேர்ந்தவர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், டைன் சம்பவத்துக்குப் பிறகு இரண்டாவது சேவையாளரைத் தேடியவர்கள் பெரும்பாலும் டைனின் வாடிக்கையாளர்களே என்று தெரியவந்தது. மற்ற சேவையாளர்களின் வாடிக்கையாளர்கள் பெரிதாக மாறவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் பார்த்தபோது, உலகின் முதல் ஒரு லட்சம் தளங்களில் 89 சதவீதம், டிஎன்எஸ் அல்லது அதை ஒத்த அடிப்படைச் சேவை ஒன்றுக்கு, மாற்று இல்லாமல் வெளியாரையே நம்பியிருந்தன. நான்கு ஆண்டுகளில் அந்தச் சார்பு குறையவில்லை; சில இடங்களில் சற்றே கூடியிருந்தது. டைன் என்ற பெயர் ஆரக்கிள் நிறுவனத்துக்குள் கரைந்து மறைந்துவிட்டது. அது விட்டுச்சென்ற பாடமும் அதோடு மறைந்துகொண்டிருக்கிறது.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவனவற்றில் மிக வலுவானது இது: இன்றைய பெரிய டிஎன்எஸ் நிறுவனங்கள் 2016-இன் டைன் அல்ல, நூற்றுக்கணக்கான நகரங்களில் அவற்றின் சர்வர்கள் இருக்கின்றன, எந்தத் தாக்குதலையும் விழுங்கும் கொள்ளளவு இருக்கிறது, அப்படி ஒரு மலையின் பின்னால் ஒதுங்குவதைவிட இரண்டு குன்றுகளுக்கு நடுவே நிற்பது எப்படிப் பாதுகாப்பு ஆகும்? இதில் உண்மை இருக்கிறது. சிறிய நிறுவனம் தன் அலுவலக அறையில் சொந்தமாக இரண்டு சர்வர் வைத்துக்கொள்வதைவிட, பெரிய சேவையாளரிடம் ஒப்படைப்பது நல்லது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால், பெரியவர்கள் தாக்குதலால் மட்டுமா விழுகிறார்கள்? 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ 6 மணி நேரம் மறைந்தன, யாரும் தாக்கவில்லை. பராமரிப்பின்போது நேர்ந்த பிழையால் உள்வலையமைப்பு துண்டிக்கப்பட, அந்நிறுவனத்தின் சொந்த டிஎன்எஸ் சர்வர்கள் இணையத்திலிருந்தே விலகிக்கொண்டன. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் கிளவுட் சேவை வடக்கு வர்ஜீனியாவில் தடுமாறி, உலகெங்கும் எண்ணற்ற செயலிகளை முடக்கியது. ஒரு தரவுத்தளச் சேவையின் டிஎன்எஸ் பதிவைத் தானாகப் புதுப்பிக்கும் மென்பொருளில் இருந்த குறையே அதன் தொடக்கம். எவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்தாலும் அதன் உள்ளே ஒரே மென்பொருள், ஒரே கட்டுப்பாட்டு அறை, ஒரே கணக்கு, ஒரே ஒப்பந்தம். கொள்ளளவு தாக்குதலை விழுங்கலாம், பிழையை விழுங்காது. அதுமட்டுமல்ல, மலை பெரிதாகப் பெரிதாக அதன் நிழலில் ஒதுங்குவோரும் பெருகுகிறார்கள். அது சரியும் நாளில் விழப்போகும் வீடுகளின் எண்ணிக்கையும் பெருகுகிறது. ஒரு தனி நிறுவனத்துக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியும் முடிவை எல்லோரும் எடுக்கும்போது, சமூகத்துக்கு அது ஆபத்தாகிவிடுகிறது.

அடுத்த மறுப்பு, களத்தில் வேலை செய்யும் பொறியாளர்களிடமிருந்து வருவது. இரண்டு சேவையாளர்களை வைத்துக்கொண்டால் இரண்டு இடங்களிலும் பதிவுகள் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஓரிடத்தில் மாற்றி மறந்துவிட்டால், பாதிப் பேருக்குப் பழைய முகவரியும் பாதிப் பேருக்குப் புதியதும் போகும். தாக்குதலே இல்லாத நாளில் நாமே நமக்குத் தடங்கல் செய்துகொண்டவர்கள் ஆவோம். பயனாளரின் ஊரைப் பார்த்து அருகில் உள்ள சர்வருக்கு அனுப்புவது போன்ற வசதிகளை ஒவ்வொரு சேவையாளரும் தனக்கே உரிய விதத்தில் செய்கிறார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிரதி எடுக்க முடியாது. பதில்களுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் முறையில், இரண்டு பேர் தனித்தனிச் சாவிகளோடு கையொப்பமிடுவது இன்னும் சிக்கல். இவை உண்மையான சிரமங்கள். ஆனால், தீராதவை அல்ல. ஒரு முதன்மை இடத்தில் மாற்றியதை மற்ற சர்வர்கள் தாமே பிரதி எடுத்துக்கொள்ளும் முறை, டிஎன்எஸ்ஸோடு கூடவே பிறந்தது. வெவ்வேறு சேவையாளர்கள் தனித்தனியே கையொப்பமிடுவதற்கான வழிமுறை 2020-இல் ஆர்எஃப்சி 8901 ஆக வெளிவந்துவிட்டது. ஊர் பார்த்து வழிநடத்தும் வசதி இரண்டாவது சேவையாளரிடம் அதே நுட்பத்தோடு இல்லாமல் போகட்டும். நெருக்கடியில் அவர் எல்லோருக்கும் ஒரே முகவரியைச் சொன்னாலும் போதும். மதுரைக்காரரை மும்பை சர்வருக்கு அனுப்பினால் பக்கம் கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், அவ்வளவுதான். திறக்காமலே போவதோடு அதை எப்படி ஒப்பிடுவது? இரண்டு சேவையாளர்கள் இருந்தால் ஒருவர் விழும்போது எதுவுமே தெரியாது என்றும் நான் சொல்ல மாட்டேன். ரிசால்வர் முதலில் விழுந்தவரிடம் கேட்டுக் காத்திருந்து, பிறகுதான் மற்றவரிடம் போகும். சில நொடிகள் தாமதமாகும். நாம் கேட்பது அந்தச் சில நொடிகளில் முடிகிற துன்பத்தைத்தான்.

டிடிஎல்லை நீட்டுவது பற்றியும் எதிர்ப்பு உண்டு. ஆயுளைக் குறைவாக வைப்பதே தாக்குதலின்போது தப்பிக்கத்தானே என்கிறார்கள்: சர்வர் அடிபட்டால் உடனே முகவரியை மாற்றி வேறிடத்துக்குப் போக வேண்டும், உலகம் பழைய முகவரியையே ஒரு நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி மாறுவது? இணையதளத்தின் சர்வரே தாக்கப்படும்போது இது சரி. டிஎன்எஸ்ஸே தாக்கப்படும்போது இதுவே கழுத்தில் கயிறாகிறது. மாற்றிய முகவரியைச் சொல்லவே ஆள் இருக்காது. இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவில் அளவறிந்து நிற்க வேண்டும். அடிக்கடி மாறும் பதிவுக்குச் சில நிமிடங்கள் என்றால், இந்தப் பெயருக்குப் பதில் சொல்பவர் யார் என்ற பதிவுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ கொடுக்கலாம். மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்ற பதிவு ஆண்டுக்கு ஒருமுறைகூட மாறாது, அதற்கு ஐந்து நிமிட ஆயுள் எதற்கு? சர்வரை இடம் மாற்றத் திட்டமிட்டிருந்தால் முந்தைய நாள் ஆயுளைக் குறைத்து, வேலை முடிந்ததும் ஏற்றிவிடலாம். உருகுவே நாட்டின் '.யுஒய்' பெயர்களை நடத்துபவர்கள், ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டிய பிறகு, தம் முதன்மைப் பதிவின் ஆயுளை 5 நிமிடத்திலிருந்து ஒரு நாளாக உயர்த்தினார்கள். பதில் கிடைக்கும் நடுத்தர நேரம் 28.7 மில்லி நொடியிலிருந்து 8 மில்லி நொடியாக இறங்கியது. பாதுகாப்புக்காகச் செய்தது அன்றாட வேகத்தையும் கூட்டித் தந்தது. பல இடங்களில் இந்த எண் ஆராய்ந்து வைத்ததே அல்ல. மென்பொருள் தந்த எண்ணை யாரோ அப்படியே விட்டுவிட்டதுதான்.

தளம் நடத்துபவர் மட்டுமல்ல, நமக்காக முகவரி கேட்டுத் தரும் இணைய சேவை நிறுவனங்களும் இதில் பாதிப் பொறுப்பாளிகள். பதில் சொல்ல வேண்டியவர் எட்டாதபோது, ஆயுள் முடிந்த பழைய பதிலை எறிந்துவிடாமல் தற்காலிகமாகப் பயன்படுத்தலாம் என்ற முறையை 2020 மார்ச்சில் ஆர்எஃப்சி 8767 வகுத்துத் தந்தது. ஒன்று முதல் மூன்று நாள் வரை அப்படி வைத்திருக்கலாம் என்பது அதன் பரிந்துரை. இந்த எண்ணத்தை ஓபன்டிஎன்எஸ் போன்ற சேவைகள் அதற்கு முன்பே நடைமுறையில் வைத்திருந்தன. பழைய முகவரி வேறு யாருடைய கைக்காவது போயிருந்தால் என்ன ஆகும் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் இதைச் சொந்தக்காரர் பதில் சொல்லாதபோது மட்டும் செய்ய வேண்டும். அவர் இருந்து, 'மாறிவிட்டது' என்றோ 'நீக்கிவிட்டேன்' என்றோ சொன்னால் அதையே ஏற்க வேண்டும். வங்கி போன்ற தளங்களில், முகவரி தவறினாலும் எதிரில் இருப்பவர் உண்மையானவர்தானா என்பதைச் சான்றிதழ் மூலம் உலாவி தனியாகச் சரிபார்க்கிறது. நேற்று வரை சரியாக இருந்த முகவரி இன்றும் சரியாக இருக்கும் வாய்ப்பே மிக அதிகம். அதை மறந்துவிட்டு வெறும் கையை விரிப்பதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

நோயின் வேரை விட்டுவிட்டுக் கிளையை வெட்டுகிறீர்கள், தாக்குதலை நிறுத்துவதல்லவா முதல் வேலை என்றும் சிலர் கேட்கலாம். தாக்குதலை நிறுத்தும் வேலை நடக்கத்தான் வேண்டும், நடந்தும் வருகிறது. மிராயை உருவாக்கிய மூன்று இளைஞர்கள் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கலிஃபோர்னியா 2020 ஜனவரி முதலும், பிரிட்டன் 2024 ஏப்ரல் இறுதியிலிருந்தும், எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்பதற்குச் சட்டப்படி தடை போட்டுவிட்டன. ஆனால், காலக்கணக்கைப் பாருங்கள். பொய்யான அனுப்புநர் முகவரியோடு வரும் தரவை இணைய சேவை நிறுவனங்கள் வாசலிலேயே வடிகட்ட வேண்டும் என்ற பரிந்துரை 2000 மே மாதம் வெளிவந்தது. கால் நூற்றாண்டு கடந்தும் எல்லோரும் அதைச் செய்யவில்லை. அதை எல்லோரும் செய்திருந்தாலும், தம் சொந்த முகவரியிலிருந்தே தாக்க வல்ல மிராய் கேமராக்களை அது தடுத்திருக்காது. ஏற்கெனவே சுவரில் மாட்டிய கேமராக்களை எந்தச் சட்டமும் இரவோடிரவாகக் கழற்றிவிட முடியாது. மூலநிரல் ஊரெங்கும் பரவிவிட்டது, அதன் வாரிசுகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. உலகின் கடைசிக் கேமராவும் திருந்தும்வரை காத்திருப்பது யாராலும் முடியாது. தன் பெயருக்கு இரண்டாவது சேவையாளரை நியமிப்பதோ, வேறு எவருடைய அனுமதியும் இல்லாமல் ஒரு நிறுவனம் இந்த மாதமே செய்து முடிக்கக்கூடிய வேலை.

சிறிய கடைக்காரரின் இணையதளத்துக்கும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சில மணி நேரம் திறக்காவிட்டால் அவருக்குக் கொஞ்சம் வியாபாரம் போகும்; அந்தக் கணக்கை அவரே போட்டுக்கொள்ளட்டும். வங்கி, பணப் பரிமாற்றம், மருத்துவமனை, மின்வாரியம், ரயில் முன்பதிவு, அரசின் சேவைத் தளங்கள் ஆகியவற்றின் கணக்கு வேறு. அங்கே முடிவெடுப்பவர் ஒருவர், இழப்பைச் சுமப்பவர் இன்னொருவர். தளம் திறக்காததால் மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் வரிசையில் நிற்பவரிடம் எத்தனை சேவையாளர்கள் வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. அதனால்தான் இதைச் சந்தையின் நல்லெண்ணத்துக்கு விடக் கூடாது என்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2022-ஆம் ஆண்டின் என்ஐஎஸ்2 சட்டத்தில் டிஎன்எஸ் சேவையாளர்களை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த டோரா சட்டத்தில், ஒரே வெளி நிறுவனத்தை அதிகம் நம்பியிருப்பதன் ஆபத்தை நிதி நிறுவனங்கள் மதிப்பிட வேண்டும் என்றது. நல்ல தொடக்கம். ஆனால், மதிப்பிடு என்பதற்கும் மாற்று வை என்பதற்கும் இடைவெளி இருக்கிறது. மக்கள் அன்றாடம் சார்ந்திருக்கும் சேவைகளின் பெயர்களுக்கு, தொடர்பில்லாத இரண்டு நிறுவனங்களாவது பதில் சொல்ல வேண்டும் என்ற ஒரு வரி, டெண்டர் நிபந்தனைகளிலும் ஒழுங்குமுறை அமைப்புகளின் தணிக்கைப் பட்டியலிலும் ஏற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சேவையாளரை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்து, மற்றவர் தாங்குகிறாரா என்று சோதிக்க வேண்டும். சோதிக்காத மாற்று, இல்லாத மாற்றுதான்.

இதைத் தணிக்கை செய்ய எந்த ரகசியக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை. ஒரு பெயருக்குப் பதில் சொல்பவர்கள் யார் என்பது டிஎன்எஸ்ஸிலேயே எல்லோரும் பார்க்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டினால் பட்டியல் வந்துவிடும். நம் வங்கியின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். நான்கு சர்வர்கள் வரலாம், ஆறுகூட வரலாம். எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்திப்படாமல், அந்தப் பெயர்களின் வால்பகுதியைப் படியுங்கள். எல்லாம் ஒரே நிறுவனத்தின் பெயரில் முடிந்தால், 2001-இல் மைக்ரோசாஃப்டிடம் இருந்ததும் நான்கு சர்வர்கள்தான்.